தட்டின் ஓரத்தில் ஒரு பனியன் துணி

நாகஜோதி மூன்று வருடம் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினாள். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில், தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவது அவள் வேலை. இப்போது மண்ணரையில் தனபால் என்பவருடைய பட்டறையில், ஓட்டை போட்டுச் சம்பளம் வாங்குகிறாள். இதை முன்னேற்றம் என்று சொல்லலாமா என்று அவளுக்கே அவ்வப்போது சந்தேகம் வரும்.

சந்தேகம் வருவது அவளுக்குப் புதிதல்ல. கேஸை மூடினோமா என்று வாசல் வரை போய்த் திரும்பி வருகிற ரகம். எதையும் எழுதி வைத்துக்கொள்வாள். எழுதியது சரிதானா என்று மறுபடி பார்ப்பாள். சாயங்காலம் டிப்ளமோ வகுப்புக்குப் போகிறாள் என்ற ஒரே தகுதியில்தான் தனபால் அவளைக் கூப்பிட்டார். அவர் பட்டறை நிட்டிங் மெஷின்களுக்கான ஸ்பேர் பாகங்கள் செய்கிற இடம். பாகங்களில் பெயரும் நம்பரும் பொறிப்பதற்கு ஒரு லேசர் மெஷின் வாங்கியிருந்தார். அதனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கவும், பயப்படாமல் பட்டனை அழுத்தவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாகஜோதி முதல் வேலையை உண்மையாகவும் இரண்டாவது வேலையை நடிப்பாகவும் செய்துவந்தாள்.

செக்கிங் டேபிளை விட்டுக் கிளம்பிய அன்று, பக்கத்தில் நின்று வேலை பார்த்த சித்ராதேவி அழவில்லை, வாழ்த்தவில்லை. நாகஜோதி உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் டேபிளுக்கு அடியில் தள்ளினாள்.

"ஒன் ஸ்டூல யாருக்கும் குடுக்க மாட்டேன்டி. தீவாளிக்குள்ள வந்துருவ."

அந்த ஸ்டூல் நாகஜோதியின் மனசுக்குள் ஒரு மூலையில் காலியாகவே கிடந்தது. மெஷின் கொஞ்சம் வித்தியாசமாகச் சத்தம் போட்டாலும் அதுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

வைகாசியில் அனுப்பிரியா என்பவர் பட்டறைக்கு வந்தார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, அப்பாவின் நிட்டிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கையில் தீப்பெட்டி அளவு வெள்ளைப் பீங்கான் தகடு ஒன்று இருந்தது. நிட்டிங் மெஷினில் நூல் ஒரு சின்னக் கண் வழியாகத்தான் ஊசிக்குப் போகும். நாள் முழுக்க நூல் உரசி உரசி இரும்பிலேயே கோடு விழுந்துவிடும் என்பதால் அந்தக் கண்ணைப் பீங்கானில் செய்வார்கள். அனுப்பிரியா தன் மெஷினைக் கொஞ்சம் மாற்றியிருந்தார். அதற்குத் தகுந்த கண் கடையில் கிடைக்கவில்லை. தகடு நாங்கள் தருகிறோம், துளை மட்டும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

"பண்ணீரலாங்க," என்றார் தனபால். யாரிடமும் கேட்கவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகுதான் நாகஜோதியைப் பார்த்தார்.

பீங்கானில் டிரில் பிட்டு இறங்காது, மழுங்கிப்போகும். லேசர் இறங்கும். ஆனால் எப்படி இறங்குகிறது என்பதுதான் கேள்வி. லேசர் பட்ட இடம் உருகி, தெறித்து, துளையின் வாயைச் சுற்றி மறுபடி உறைந்துவிடும். பணியாரக் குழியின் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருக்குமே, அப்படி. அதோடு சூட்டில் மயிரிழை விரிசல்களும் விடும். நாகஜோதி அந்தத் துளை வழியாக ஒரு நூலை இழுத்துப் பார்த்தாள். மறுபக்கம் நூல் வந்தது. நூலின் பஞ்சு வரவில்லை. அது துளையின் வாயிலேயே தாடி மாதிரி சேர்ந்துகொண்டது.

தனபால் அந்தத் தாடியைப் பார்த்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. பொறுமையாக, மரியாதையாக, தப்பிக்க இடம் விடாமல் பேசுவார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள தொள சரியா வந்துட்டாப் பாக்கலாங்க அம்மிணி. இல்லீன்னா இந்த மெஷினுக்குப் பேரு போடற வேலயே போதும். அதுக்கு ஆளு வேணுங்கறதில்ல, நானே பட்டன அமுத்திக்குவேன். நீங்க நல்லூருக்கே போயி எங்க மச்சான் கம்பெனில ஒக்காந்துக்கலாம். உங்க எடம் அங்கயே இருக்குதாமா."

மச்சான் கம்பெனிதான் அந்தப் பழைய செக்கிங் டேபிள். ஸ்டூலைப் பற்றி தனபால் வரைக்கும் செய்தி போயிருக்கிறது என்பது நாகஜோதிக்குப் புதிய தகவல்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே போனில் தேடினாள். கெட்டியான பொருளைத் தண்ணீருக்குள் வைத்து லேசர் அடித்தால், தெறிக்கிற துளிகள் உடனே குளிர்ந்து தண்ணீரோடு போய்விடும், ஓரத்தில் ஒட்டாது, விரிசலும் குறையும் என்று எங்கோ யாரோ எழுதியிருந்தார்கள். தண்ணீர் அதிகமானால் லேசர் மங்கிவிடும், குறைந்தால் பயனில்லை. படித்ததும் அவளுக்கு உற்சாகமாக இருந்தது. அடுத்த நிமிஷம், இது இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் செய்திருக்க மாட்டார்களா என்ற சந்தேகமும் ஏறிக்கொண்டது. இரண்டும் சேர்ந்தே ஸ்டாப்பில் இறங்கின.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஜெபக்குமார் அண்ணன், எவர்சில்வர் தட்டு ஒன்றை லேசரின் மூடிக்குள் பொருந்துகிற மாதிரி வெட்டித் தந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வேலையும் செய்வார், செய்கிற வேலைக்கு ஒரு கிண்டலையும் சேர்த்துக் கொடுப்பார். "தட்டு ரெடி பிள்ள. சோறு எப்பப் போடுவ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாகஜோதி முறைப்படி ஆரம்பித்தாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அவள் சட்டம். முதலில் பட்டறை போர் தண்ணீர். துளை போட்டுக் காயவைத்ததும் தகடு முழுக்க உப்பு பூத்தது. எது உப்பு, எது தெறிப்பு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அடுத்து, தண்ணீர் நன்றாகப் படர வேண்டும் என்று சாயப்பட்டறையில் துணி நனைக்க ஊற்றும் வெட்டிங் ஆயிலில் நாலு சொட்டு விட்டாள். லேசர் பட்டதும் நுரை எழுந்து தட்டை விட்டு வெளியே வந்து, மூடியின் கண்ணாடி வழியாக அவளை எட்டிப் பார்த்தது. அன்று லேசர் நுரையைத்தான் துளைத்தது. அதில் துளை அருமையாக விழுந்தது. பிறகு ஸ்பிரிட் ஊற்றினாள். இதைப் பற்றி அவள் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. நீலமாக ஒரு சின்னத் தீ எழுந்தது. டிபன்பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து அணைத்தாள். என்ன வாசம் என்று தனபால் கேட்டபோது தரையை மருந்து போட்டுத் துடைத்ததாகச் சொன்னாள். ஜெபக்குமார் அவளுடைய ஒரு பக்கத்துக் கருகிய புருவத்தைப் பார்த்துவிட்டு, பொங்கல் பொங்கிவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்.

கடைசியில் குடிக்கிற கேன் தண்ணீருக்கு வந்தாள். கேன் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் அடிக்க அடிக்கத் தண்ணீர் ஆவியாகியும் தெறித்தும் குறைந்துவிடும். தகட்டுக்கு மேல் ஒரு நக கனத்துக்கு நிற்க வேண்டிய தண்ணீர், பாதியிலேயே தகட்டை மொட்டையாக விட்டுவிடும். அதனால் மெடிக்கலில் போய் ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுவார்களே, அந்த டிரிப் செட் ஒன்று வாங்கினாள். யாருக்கு முடியவில்லை என்று கடைக்காரர் கேட்டார். மெஷினுக்கு என்றாள். அவர் மீதிச் சில்லறையை வேகமாக எண்ணிக் கொடுத்தார்.

தண்ணீர் பாட்டிலை மேலே தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தகட்டின் மேல் விழவைத்தாள். இப்போது தண்ணீர் குறையவில்லை. கூடியது. தட்டு நிரம்பி, டேபிளில் வழிந்து, தரைக்கு இறங்கி, நிதானமாக வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் தனபாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு காலத்தில் சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தவர். கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று ஊரில் பட்டறைகளை மூடிய காலத்தில் அதையும் மூடினார். பட்டறை போய்விட்டது, பயம் போகவில்லை. வாசலைத் தாண்டித் தண்ணீர் போவதைப் பார்த்தால் அவர் முகம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாசல் தெளித்த தண்ணீர் ரோட்டுக்கு ஓடினால்கூட துடைப்பத்தோடு வந்து நிற்பார். அவருடைய பட்டறையில் ஒருவர் வேலையைக் கெடுக்கலாம், தட்டை உடைக்கலாம், தண்ணீரை மட்டும் ஒழுகவிடக் கூடாது.

எனவே தண்ணீர் வாசலை எட்டுவதற்குள் நாகஜோதி கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்தாள். மெஷின் துடைக்க மூட்டையாக வாங்கி வைத்திருக்கும் கழிவுத் துணி அது. தரையைத் துடைத்தாள். பிறகு அதே மாதிரி நீளமாக ஒரு துணியை, ஒரு முனை தட்டுக்குள் நனைகிற மாதிரியும் மறுமுனை கீழே ஒரு வாளிக்குள் தொங்குகிற மாதிரியும் தட்டின் ஓரத்தில் போட்டாள். துணி தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வாளியில் சொட்டவிட்டது. தரை காய்ந்தது. வாளியைத் துணிக்கு நேர் கீழே டேபிளை ஒட்டித் தள்ளி, முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து மறைத்தாள். ஒழுகலை மறைத்தது அவளுக்கே அவமானமாக இருந்ததால், தினமும் எழுதுகிற குறிப்பில் எல்லாவற்றையும் எழுதினாள்: தண்ணீர், ஆழம், லேசரின் பவர், அன்றைய வெயில்கூட. துணியை மட்டும் எழுதவில்லை. ஒழுகுவதை மூடிய கந்தல் எப்படி ஒரு தொழில்நுட்ப விவரம் ஆகும்?

அன்றைக்குத்தான் துளைகள் நன்றாக விழ ஆரம்பித்தன. வாய் வழுவழுவென்று இருந்தது. நூலை இழுத்தாள், பஞ்சும் சேர்ந்து வந்தது. நம்பாமல் மறுபடி இழுத்தாள். மறுநாளும் நன்றாக விழுந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கேன் தண்ணீரின் சுத்தமும் தான் கண்டுபிடித்த நக கனமும்தான் என்று முடிவுக்கு வந்தாள். அந்த வாரம் வகுப்பில், யாரும் கேட்காமலே, தண்ணீரின் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்று பக்கத்து பெஞ்சுக்காரியிடம் விளக்கினாள்.

தனபால் சில தகடுகளை அனுப்பிரியாவுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் தன் யூனிட்டில் நூலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன், எப்படிப் போடுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்றார். ஆடிக்கு முந்தைய வெள்ளி அது.

நேரில் பார்க்க ஆள் வருகிறது என்றால் செக்கிங் டேபிளில் வளர்ந்த யாரும் முதலில் செய்வது சுத்தம் பண்ணுவதுதான். வெளிநாட்டு பையர் வருகிற அன்று கம்பெனியில் நூல் துணுக்குகூட தரையில் இருக்காது. நாகஜோதி வெள்ளிக்கிழமை காலையில் வந்து மெஷினைத் துடைத்தாள். தட்டைப் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைத்தாள். தட்டு சரியான மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். பூஜை முடிந்து மெஷினின் நெற்றியில் விபூதியும் குங்குமமும் ஏறின. கடைசியாக அந்தக் கந்தலைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி படிந்து, ஓரம் பிய்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. அதை உருவி வாளிக்குள் போட்டு, வாளியை இன்னும் உள்ளே தள்ளினாள். துணி இல்லாமல் டிரிப்பைத் திறந்தால் வழியுமே? அதனால் தண்ணீரை ஒரே தடவையாக நக கனத்துக்கு அளந்து ஊற்றிவிட்டு டிரிப் குழாயின் சக்கரத்தை இறுக்கி மூடினாள். இரண்டு மூன்று துளைதானே போட்டுக் காட்டப்போகிறோம், அதற்குள் தண்ணீர் ஒன்றும் குறைந்துவிடாது. தட்டு மருத்துவமனை மாதிரி இருந்தது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று சட்டம் பேசியவள் அன்று இரண்டை மாற்றினாள். மாற்றியதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. சுத்தம் செய்ததாகத்தான் தோன்றியது.

அனுப்பிரியா வந்தார், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். தனபாலும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாகஜோதி பட்டனை அழுத்தினாள். லேசர் கொறகொறவென்று தண்ணீருக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சோறு வடித்த கஞ்சி போல வெளுத்தது. குமிழ்கள் துளையின் மேலேயே உட்கார்ந்துகொண்டன. தகட்டை எடுத்து நூலை விட்டு இழுத்தார் அனுப்பிரியா. தாடி.

"இன்னொண்ணு பாத்துரலாங்களா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

இரண்டாவது, முதலாவதைவிட மோசம். துளை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நாகஜோதி பவரைப் பார்த்தாள், ஆழத்தைப் பார்த்தாள், போகஸைப் பார்த்தாள். எல்லாம் எழுதி வைத்த மாதிரியே இருந்தன. கேன் மாறிவிட்டதா என்று கேனைக்கூட முகர்ந்து பார்த்தாள். தண்ணீரை முகர்ந்து பார்க்கிற ஒரு டெக்னீஷியனை அனுப்பிரியா அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். தனபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்த நிதானமே அவளை நல்லூருக்குப் பஸ் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. நாகஜோதிக்கு அந்த ஸ்டூல் துல்லியமாகத் தெரிந்தது. அதன் ஒரு கால் ஆடும் என்பதுகூட நினைவுக்கு வந்தது. முதலில் விழுந்த நல்ல துளைகள் ஏதோ குருட்டு வாக்கில் விழுந்தவை, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அப்போது ஜெபக்குமார் விருந்தாளிக்கு டீ கொண்டுவந்தார். டம்ளரை நீட்டியபடியே மெஷினை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏ பிள்ள, இன்னைக்கு இதுக்குக் கோவணம் கட்டலியா?"

நாகஜோதிக்குக் காது மடல் சுட்டது. தனபால், எந்தக் கோவணம் என்று கேட்டார். ஜெபக்குமார் ஏதோ உளறிவிட்டோம் என்று புரிந்து, டீ ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். அவர் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வழக்கம்போலக் கிண்டல்தான் செய்தார்.

நாகஜோதி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளுத்த தண்ணீர், போக வழியில்லாமல் அப்படியே நின்றிருந்தது. இத்தனை நாளும் மேலே இருந்து ஒரு சொட்டு விழ, துணி ஒரு சொட்டை இழுத்துக்கொண்டு போக, பொடியும் குமிழும் தங்காமல் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. சுத்தமான தண்ணீர் அல்ல, ஓடுகிற தண்ணீர். அவள் எழுதி வைத்த அத்தனையும் சரி. எழுதாமல் விட்ட ஒரு கந்தல்தான் வேலை பார்த்திருக்கிறது. அவளோ அதைப் பிடித்து வாளிக்குள் போட்டிருக்கிறாள்.

அதை வெளியே எடுத்தால் ஒழுகல் வெளியே வரும். ஒழுகலை மறைத்ததும் வெளியே வரும். எடுக்காவிட்டால் ஸ்டூல். நாகஜோதி யோசித்து முடிவெடுக்கிற ஆள். அன்று யோசிக்காமல் குனிந்தாள். அட்டைப்பெட்டியை நகர்த்தி, வாளியை வெளியே இழுத்து, நனைந்த கந்தலை எடுத்துப் பிழிந்தாள். புளி போட்டுத் தேய்த்த தட்டின் ஓரத்தில் அதைத் தொங்கவிட்டாள். டிரிப்பின் சக்கரத்தைத் திறந்தாள்.

"இப்பப் பாருங்க மேடம்," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. லேசர் இறங்கியது. எழும்பிய வெள்ளைப் பொடி, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போலத் துணியை நோக்கி நகர்ந்தது. அனுப்பிரியா தகட்டை எடுத்து நூலை விட்டார். மெதுவாக இழுத்தார். பிறகு வேகமாக இழுத்தார். விரலில் தடவிப் பார்த்தார். தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, நாகஜோதிக்கு ஒரு கணம் அவர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"இதேதானுங்க," என்றார் அனுப்பிரியா. "இதே மாதிரி வேணும்."

தனபால் தகட்டைப் பார்க்கவில்லை. அவர் கண் துணியின் நுனியிலிருந்து விழுகிற சொட்டைப் பிடித்து, வாளிக்குப் போய், வாளியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாசலுக்குப் போனது. வாசல் காய்ந்திருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எத்தன நாளா ஒழுகுது கண்ணு?"

நாகஜோதி சொன்னாள். துளை நன்றாக விழ ஆரம்பித்த நாளிலிருந்து. சொல்லும்போதே அது எவ்வளவு சரியான விடை என்று அவளுக்கு உறைத்தது.

தனபால் வாளிக்குள் குனிந்து பார்த்தார். "ஒழுகட்டுங்க. ஆனா வாசப்படி தாண்டப்படாது. தெளிய வெச்சு, வடிகட்டி, மறுக்கா மேலயே ஏத்திருங்க." பிறகு, அத்தனை வருடம் சாயத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய மனிதர், யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டார், "கடைசீல தண்ணிய வெளிய உட்டாத்தான் வேல நடக்குதாம்."

நாகஜோதி மெஷினிலேயே இருக்கிறாள். இவ்வளவு அழகான துளைக்குப் பக்கத்தில் ஒரு கந்தல் தொங்குகிறதே என்று அனுப்பிரியா சங்கடப்பட்டு, ஒரு மோட்டார் வைக்கலாமே என்றார். நாகஜோதியும் மீன்தொட்டி மோட்டார் ஒன்றை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் அலையடித்து, துளை புளியங்கொட்டை மாதிரி கோணலாக விழுந்தது. கந்தல் திரும்பி வந்தது. இப்போது அது குறிப்பிலும் ஏறியிருக்கிறது. என்ன பெயர் போடுவது என்று அவள் வெகுநேரம் யோசித்து, அடித்து, கடைசியில் பனியன் துணி என்றே எழுதினாள்.

எல்லா வேஸ்ட்டும் ஒன்று போல உறிஞ்சுவதில்லை. பாலியஸ்டர் கலந்தது தண்ணீரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நல்ல காட்டன் வேண்டுமென்றால் நல்லூருக்குத்தான் போக வேண்டும். எந்த டேபிளுக்குத் திரும்பக் கூடாது என்று அத்தனை பாடுபட்டாளோ, அதே டேபிளுக்கு இப்போது அவளாகவே போய், கழித்துப் போட்ட துணி மூட்டையின் முன்னால் உட்காருகிறாள். முதல் தடவை போனபோது சித்ராதேவி அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நாகஜோதி உட்கார்ந்தாள். கால் இன்னும் ஆடியது.

துணியை ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, நாக்கில் நுனியை வைத்து ஈரம் ஏறுகிறதா என்று பார்த்து, சிலவற்றைப் பையில் போட்டாள், சிலவற்றை ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சித்ராதேவி, ஓரமாக வைத்த ஒரு துணியைத் தூக்கினாள். நல்ல காட்டன், நல்ல நீளம்.

"இதுக்கு என்னடி கொற?"

நாகஜோதி அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள். அப்போதுதான் பழைய பழக்கத்தில் தான் செய்ததைக் கவனித்தாள். நடுவில், ஊசிமுனை அளவு, ஓர் ஓட்டை இருந்தது.